முதலில் சக்கரத்தைக் கழற்று!

கொட்டகையில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. தார்ப்பாய் கிழிந்து தொங்குகிறது. பின்சீட்டுக்கு அடியில் கோழி அடைகாக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “இதை இன்னும் எடைக்குப் போடலையா?” நீயும் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விடுகிறாய். அந்தச் சிரிப்பை இன்றோடு நிறுத்து, தம்பி!

எடைக்குப் போடுவதா? ஜவ்வாது மலையில் தார் காணாத தடங்களில் நாலு சக்கரமும் இழுத்து ஏறிய சாதியைச் சேர்ந்த வண்டி அது. புளி மூட்டையும் சாமை மூட்டையும் பலாப்பழமும் ஏற்றி இறக்கிய வண்டி. ஐப்பசி மழையில் செம்மண் சேறு முழங்கால் அளவு நிற்கும்போது, புத்தம் புதுக் கார்கள் அடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்க்க, முக்கி முனகியாவது மேலே போய்ச் சேர்ந்த வண்டி. அது துருப்பிடித்தது அதன் குற்றமா, இத்தனை வருஷமாக அதைத் தொடாத உன் கையின் குற்றமா?

உன் பதில் எனக்குத் தெரியும். “எனக்கு என்னங்க தெரியும்? ஐ.டி.ஐ. கூடப் படிக்கலையே. ஆலங்காயத்துக்கோ போளூருக்கோ இழுத்துட்டுப் போய்ப் பட்டறையில விடணும். அதுக்கே ஆயிரக்கணக்குல செலவாகும்.” கேட்டாயா? வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் உன்னால் எது முடியாது என்பதைப் பற்றி. பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் எப்படித் தம்பி தீர்ப்பு எழுதினாய்?

பட்டறைக்காரரைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. கை கறுத்தவரை மதிக்கத் தெரியாதவன் ஸ்பேனரைத் தொடவே கூடாது. அவரிடம் போ. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகாதே. பக்கத்தில் நில். எதைக் கழற்றுகிறார், எதை முதலில் தொடுகிறார், எதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கிறார் என்று பார். கோவை ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டித் தொழில் கற்றார் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நாமும் கைதட்டுகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து, ஸ்டெப்னி மாட்ட ஆள் தேடுகிறோம்!

உன் ஜீப் எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியுமா? 1940இல் அமெரிக்க ராணுவம் கார் கம்பெனிகளுக்கெல்லாம் ஓலை அனுப்பியது: நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி வேண்டும், 49 நாளில் முதல் வண்டி வந்து நிற்க வேண்டும். பெரிய கம்பெனிகளே தயங்கிய இடத்தில், கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த பாண்டம் என்ற சின்ன கம்பெனி துணிந்தது. வெளியிலிருந்து அழைத்து வந்த கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் வரைபடத்தைப் போட்டார். எஞ்சின் கான்டினென்டல் கம்பெனியுடையது. அச்சு ஸ்டூடிபேக்கர் காருடையது. அதை நாலு சக்கர இழுவைக்கு ஏற்றபடி ஸ்பைசர் கம்பெனி மாற்றிக் கொடுத்தது. செப்டம்பர் 23ஆம் தேதி, கெடு முடிவதற்குச் சற்று முன்னால், ராணுவ முகாம் வாசலில் வண்டி போய் நின்றது. புரிகிறதா? கிடைத்ததை எடுத்து, அறுத்து, பொருத்தி, ஓட்டிக் காட்டியதில்தான் ஜீப்பே பிறந்தது! அந்தக் குலத்தில் வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுல நாம கை வைக்கலாமா” என்று நீ கேட்கிறாய்.

பிறகு வில்லிஸ் என்ற கம்பெனி அந்த வகை வண்டியை லட்சக்கணக்கில் செய்தது. போர் முடிந்தது. 1940களின் கடைசியில் அதன் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது மகிந்திரா. இன்று நம் மலை ஊர்களில் மிச்சமிருக்கும் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

அமெரிக்காவை விடு. உன் மலைக்கே வருகிறேன். ஆலங்காயத்திலிருந்து ஏறும் பாதையில் காவலூர் இருக்கிறதே, மரங்களுக்கு மேலே வெள்ளையாகக் கோபுரம் தெரியுமே, அதை எத்தனை முறை கடந்து போயிருப்பாய்? அங்கே என்ன நடந்தது என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறாயா?

வைணு பாப்பு என்ற வானியலாளர் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநராக 1960இல் வந்தார். தெளிந்த வானம் தேடி அலைந்து, 725 மீட்டர் உயரத்தில் இந்தக் காட்டைக் கண்டுபிடித்தார். 1968இல் இங்கே பொருத்திய முதல் தொலைநோக்கி, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் கருவி. சொந்தப் பட்டறை, சொந்தக் கைகள்! 1972இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுபிடித்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் உன் காவலூரும் ஒன்று.

வாங்கிய கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. அடுத்ததையும் வாங்கிப் போடுவோம் என்று பாப்பு உட்காரவில்லை. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நாமே செய்வோம் என்றார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து, குழித்து, மெருகேற்றியது பெங்களூரில், நம் ஆட்கள். இரும்பு வேலை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில், நம் ஆட்கள். தொலைநோக்கிக் கண்ணாடியைத் தேய்ப்பது என்றால் என்ன தெரியுமா? கொஞ்சம் தேய்ப்பார்கள், நிறுத்துவார்கள், அளப்பார்கள். ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு பிசகினாலும் நட்சத்திரம் கலங்கித் தெரியும். மறுபடியும் தேய்ப்பு, மறுபடியும் அளவு. இப்படியே வருஷங்கள் ஓடின. வேலை முடிவதற்கு முன்பே, 1982இல், பாப்பு காலமானார். அவர் போய்விட்டார் என்று யாரும் கைகழுவவில்லை. 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அந்தத் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயரையே வைத்தார்.

இதே மலையில்! நீ மூச்சு விடும் இதே காற்றில்! விண்மீனைப் பிடிக்கும் கருவியைச் செய்து ஏற்றிய மலையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வீல் சிலிண்டரைக் கழற்றப் பயப்படுகிறாயே!

ஆனால் காவலூரில் துணிச்சலோடு வேறொன்றும் இருந்தது. அளக்காமல் அவர்கள் ஒரு தேய்ப்புக்கூட அதிகம் தேய்க்கவில்லை. உனக்கும் நான் சொல்வது அதேதான். குருட்டுத் தைரியம் மலையில் ஆளைக் கொல்லும். 2022 ஏப்ரலில், திருப்பத்தூர் மாவட்டத்துப் பக்கம் இதே மலையில், கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிர் போனது. அந்த விபத்தின் காரணத்தை ஆராய நான் வரவில்லை. இந்தச் சரிவுகள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை என்பதை மட்டும் மனதில் வை.

அதனால்தான் கேட்கிறேன்: பழைய ஜீப்பை எடுக்கிற பையன்கள் எல்லாம் ஏன் முதலில் பெரிய டயருக்கும் கூரை விளக்குக்கும் ஓடுகிறார்கள்? ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது, பாட்டுப் பெட்டி வைத்தாகிவிட்டது. பிரேக்கை மூன்று முறை பம்ப் அடித்தால்தான் பிடிக்கிறது! இதற்குப் பெயர் தன்னம்பிக்கை இல்லை, வேஷம். வண்டியை ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வைக்கக் கற்றுக்கொள்.

வா, ஒரு சக்கரத்தைத் திறப்போம். சமதளத்தில் நிறுத்து. மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடு. பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரே ஒரு டிரம்மில் இருக்கிறது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. ஜாக்கியை நம்பியும் படுக்காதே; ஸ்டாண்டோ, பிளவில்லாத கட்டையோ கொடுத்து, வண்டியை உலுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போ. டிரம்மைக் கழற்று. உள்ளே கறுப்பாகப் பொடி அடைத்திருக்கும். ஊதாதே! பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் ஒற்றி எடு.

இப்போது கவனமாகப் பார். மேலே விரல் நீளத்துக்கு இருக்கிறதே, அதுதான் வீல் சிலிண்டர். அதன் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி. மூடியை லேசாகத் தூக்கு. உள்ளே ஈரமாக இருந்தால் ரப்பர் போய்விட்டது, ஆயில் கசிகிறது. சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவு. வழவழப்பாக இருந்தால் புது ரப்பர் போதும். குழி குழியாக நகத்தில் தட்டுகிறதா? யோசிக்காதே, சிலிண்டரையே மாற்று. பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் ஆயில் போவது ஒரே வழியில். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போச்சு! கொண்டை ஊசி வளைவில் கால் பெடலோடு தரைக்குப் போகும்போது இதைப் படித்து என்ன பயன்? இன்றைக்கே பார்.

எல்லாம் பூட்டிய பிறகு பிரேக் குழாய்களில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பட்டறையில் ஒரு பையன் இருப்பான். உன் வீட்டில் அம்மா இருக்கிறாள், தங்கை இருக்கிறாள். தூக்கி உட்கார வை டிரைவர் சீட்டில். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கு. நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விடு.

“அம்மா, மெதுவா அழுத்து.”

“அழுத்திட்டேன்டா.”

“அப்படியே பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாதே.”

நிப்பிளைத் திற. குமிழ் குமிழாகக் காற்று வரும். மூடு. “இப்ப விடு.” மறுபடியும். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள். வற்றினால் செய்த வேலை எல்லாம் வீண். குமிழ் நின்று ஆயில் மட்டும் கம்பியாக ஓடும்வரை விடாதே. பிறகு அம்மாவைக் கேள், பெடல் எப்படி இருக்கிறது என்று. “முன்னே பஞ்சு மாதிரி போச்சு, இப்போ கல்லா நிக்குதுடா” என்று அவள் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எந்த மேடைப் பேச்சாளரையும் என்னால் காட்ட முடியாது. எத்தனை பேர் வந்து “உன்னால் முடியும், உன்னால் முடியும்” என்று உன் காதில் கத்தினாலும் வராத தெம்பு, கல்லாக நிற்கும் ஒரு பெடலில் வரும். அடுத்த வாரம் தங்கை கீழே படுக்கட்டும், நீ பெடலை அழுத்து. இந்த வேலைக்கு மீசை தேவையில்லை.

பிரேக் முடிந்தால் ஸ்டீயரிங். சக்கரத்தை இரு கையால் பிடித்து உலுக்கு. எங்கே ஆடுகிறதோ அங்கே கிங்பின், பேரிங், டை ராடு முனை என்று ஒவ்வொன்றாகத் தேடு. அதற்குப் பிறகு வயரிங். எலி கடித்த பழைய ஒயரில் டேப் சுற்றி ஒப்பேற்றாமல், ஃபியூஸ் வைத்துப் புதிதாக இழு. பாடி டிங்கரிங்கும் பெயின்ட்டும் கடைசி. ஊர் பார்ப்பது பெயின்ட்டைத்தான் என்று எனக்கும் தெரியும். பார்க்கட்டும், கடைசியில் பார்க்கட்டும்!

டயர் விஷயம் சொல்லாமல் விட்டால் நீ விடமாட்டாய். 28 அங்குல உயரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் மாட்டுகிறாய். கம்பீரமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டாயா? ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது நீ 44இல் போய்க்கொண்டிருப்பாய். ஏற்றத்தில் இழுவை குறையும். அதே பிரேக், முன்னைவிடக் கனமான சக்கரத்தை நிறுத்தப் போராடும். இத்தனையும் காசு கொடுத்து வாங்கிய நஷ்டம்.

உன் வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் பலத்தை முதலில் தெரிந்துகொள். சிஜே3பி வகை ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் முதல் கியர் ஏறக்குறைய 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, அச்சில் 5.38. மூன்றையும் பெருக்கு. எஞ்சின் சுமார் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அப்படியென்றால் அந்த எஞ்சினின் முறுக்கு சக்கரத்தில் எத்தனை மடங்காக வந்து சேரும் என்று பார்! ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கல்லில் ஊர்ந்து ஏறும். பிரேக்கைத் தொடாமலே சேற்றுச் சரிவில் இறங்கும். எந்தக் கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவனை வண்டியிலிருந்து இறக்கிவிடு. ஒரு எச்சரிக்கை மட்டும்: நாலு சக்கர இழுவை சேற்றுக்கும் மண்ணுக்கும்தான், காய்ந்த தார் ரோட்டில் வளைத்து ஓட்டினால் கிராஸும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்ற வெறி வரும். வரட்டும், ஆனால் சட்டத்தைப் படி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் வரையறுத்து ஆர்.சி.யில் பதிந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சினை மாற்றுவதானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கு. நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்று. என்னைக் கேட்டால், கம்பெனி விட்ட நிலைக்கு அந்த வண்டியைக் கொண்டுவந்து பார். நீ கனவு கண்டதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். இன்னொன்று, ஜவ்வாது மலையில் பாதைக்கு இரு பக்கமும் பெரும்பாலும் காப்புக்காடு. வண்டி ஏறும் என்பதற்காகக் காட்டுக்குள் புதுத் தடம் போடுவது வீரமல்ல, குற்றம்.

“வீட்டில் செய்கிற வேலை எங்கே போய் நிற்கும்?” என்று யாராவது கேட்டால் இரண்டு பேரைச் சொல். போர் முடிந்ததும் விற்பனைக்கு வந்த ராணுவ ஜீப்புகளை வாங்கியவர்களுக்கு, தார் ரோட்டில் முன் அச்சு வீணாகச் சுழன்று பெட்ரோல் தின்பது தலைவலியாக இருந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் அதற்கு ஒரு தீர்வு செய்தார்: வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது விடுவிக்கும் லாக்கிங் ஹப். சக்கரத்தின் நடுவில் கையால் திருப்புகிறாயே, அதுதான். அவர் பெயரில் இன்றும் உலகமெங்கும் வின்ச்சுகள் விற்கின்றன. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் மாரிஸ் வில்க்ஸ் என்ற பொறியாளர், வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனது. அதற்குப் பதில் எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. வாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. ஜீப்பின் சேஸ் மேலேயே முதல் மாதிரியைக் கட்டினார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் என்ற பெயரில் அது நின்றது. பண்ணையில் தேய்ந்துபோன ஒரு ஜீப்! அவரும் அதை எடைக்குப் போட்டிருக்கலாம்.

நீ கம்பெனி தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உதிரிபாகம் கிடைக்காது என்று மட்டும் சாக்குச் சொல்லாதே. சென்னைப் புதுப்பேட்டையில் தேடு. பழைய இரும்புக் கடையில் குனிந்து பார். கழற்றிய ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, நட்டுகளை டப்பா டப்பாவாகப் பிரித்து மேலே பெயர் எழுதி வை. கையில் ஒரு வாரச் சம்பளம் மிச்சம் இருந்தால் ஒரு வீல் சிலிண்டர். அடுத்த மாதம் இன்னொன்று. நாலு சக்கரமும் முடிய எத்தனை மாதம் ஆனால் என்ன? கொட்டகையில் சும்மா நின்ற வருஷங்களுக்கு யாராவது உன்னிடம் கணக்குக் கேட்டார்களா?

வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், முன்பக்க இடது சக்கரத்தில் தொடங்கு. கோழியைக் கூடையோடு தூக்கி வேறு இடத்தில் வை. நட்டு அசைய மறுத்தால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்துவிடாதே. வில்லிஸ் வழி வந்த பல பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. போல்ட்டின் முனையை உப்புத்தாளால் தேய்த்து, எல் என்ற ஆங்கில எழுத்து தெரிகிறதா என்று பார். தெரிந்தால், இத்தனை நேரம் சுற்றியதற்கு எதிர்ப்பக்கம் சுற்று!